இரண்டில் எது என்றாலும் சரி

அந்த ஒற்றை வரியை எழுதியபோது யுர்ரேவின் கை நடுங்கவில்லை. நடுங்கியிருக்க வேண்டும்.

மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை. லாக்ஹேம் நீர்வாரியத்தின் இரண்டாம் மாடியில், சன்னலோர மேசையில், படிவம் 14 அவன் முன்னால் கிடந்தது. கேட்டிருந்ததெல்லாம் ஒரு புராசஸர். கடைசிக் கட்டத்தில் 'விண்ணப்பதாரர் எதை விரும்புகிறார், ஏன்?' என்று போட்டிருந்தது. யுர்ரே நேர்மையான மனிதன். பேனாவைத் திறந்தான். எழுதினான்.

'இரண்டில் எது என்றாலும் சரி.'

அவ்வளவுதான். முடிந்தது கதை.

லாக்ஹேம் கடல் மட்டத்துக்கு நான்கு மீட்டர் கீழே இருக்கிறது. பெய்கிற மழையைக் கால்வாயில் சேர்த்து, பம்ப் வைத்துக் கடலுக்கு இறைத்துவிடுவது நீர்வாரியத்தின் வேலை. வாரியம் பிறந்தது 1387-இல். நாட்டைவிட வாரியத்துக்கு வயது அதிகம் என்பதை அங்கே நாளுக்கு இரண்டு முறையாவது யாராவது ஞாபகப்படுத்துவார்கள். வாரியத் தலைவருக்கு இன்றும் 'கரைக்கோமான்' என்றுதான் பட்டம்.

யுர்ரேவுக்குப் பட்டம் எதுவும் கிடையாது. அவன் கணக்குப்பிள்ளை. காற்று, மழை, கடலின் ஏற்றம் மூன்றையும் ஒரு நிரலுக்குள் கொட்டினால், பம்பை எத்தனை மணிக்குப் போட வேண்டும், கால்வாயின் நீர்மட்டத்தை எத்தனை சென்டிமீட்டர் இறக்க வேண்டும் என்று அது சொல்லும். கடல் ஏறிவிட்டால் இறைக்க முடியாது. ஆகவே ஆறு மணி நேரம் முன்னதாகவே தொடங்கியாக வேண்டும். அதற்காகக் குத்துமதிப்பாகவும் இறைக்கக் கூடாது. அதிகம் இறங்கினால் ஈரக் கரை சரிந்து கால்வாய்க்குள் விழுந்துவிடும்.

அந்த நிரல் ஓடிய பழைய கணினி ஏப்ரலில் ஒருநாள் லேசாகக் கருகிய வாடை விட்டுக் கண்ணை மூடியது. அன்றிலிருந்து கணக்கு யுர்ரேவின் மடிக்கணினியில் ஓடுகிறது. ஒரு கணக்குக்குப் பதினோரு மணி நேரம். புயல் கரைக்கு வந்து, வேலையை முடித்து, வீட்டுக்குப் போன பிறகு விடை வரும்.

கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று, புது டெஸ்க்டாப் புராசஸர். ஒரே நேரத்தில் கணக்குப் போட எட்டுக் கை, ஒவ்வொன்றும் மின்னல். மற்றொன்று, ஆறு வருடம் எங்கோ உழைத்துக் களைத்து ஓய்வு பெற்ற சர்வர் புராசஸர். இருபத்தெட்டுக் கை, எல்லாம் ஆமை. ஆனால் ஞாபகத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். யுர்ரே கடையிலேயே இரண்டிலும் கணக்கை ஓட்டிப் பார்த்தான். முதலாவதில் நாற்பது நிமிடம். இரண்டாவதில் ஐம்பது. ஆறு மணி நேர அவகாசத்துக்கு முன்னால் பத்து நிமிடம் ஒரு வித்தியாசமா?

இல்லை என்றுதான் அவன் நினைத்தான்.

முதல் கூட்டம் ஜூனில். பதினான்கு பேர். கூட்டத்தை நடத்தியவர் பெர்டீன். அவருடைய பதவியின் பெயர் 'செயல்முறைத் துணைவர்'. எதையும் முடிவு செய்வது அவர் வேலையல்ல. முடிவு செய்கிறவர்கள் முடிவு செய்யும்போது எப்படி உணர்கிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை.

"முதல்ல ஒரு சுத்து. இந்த நிமிஷம் மனசு எப்படி இருக்குன்னு ஒவ்வொருத்தரும் சொல்லுங்க."

பதினான்கு மனசும் தெரிய நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் காபி அம்மா டீனி பிஸ்கட் டப்பாவோடு சுற்றி வந்தார். ஆளுக்கு ஒன்று. யுர்ரே இரண்டாவதைப் பற்றி யோசிப்பதற்குள் மூடி 'டப்' என்று விழுந்தது.

பிறகு சுவரில் மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள். உடைமைப் பிரிவு கெர்பன் எழுந்தார்.

"பழைய சர்வர்தான். வாரியத்தோட மறுபயன்பாட்டுக் கொள்கை என்ன சொல்லுது? ஏற்கெனவே இருக்கிறதைத்தான் எடுக்கணும்னு சொல்லுது."

மின்சாரப் பிரிவு இனேக்கே உட்கார்ந்தபடியே திருப்பினார். "அது ஒரு சின்ன அடுப்பு, கெர்பன். சிக்கனக் கொள்கை என்ன சொல்லுது? கம்மியா கரண்ட் குடிக்கிறதைத்தான் எடுக்கணும்னு சொல்லுது. டெஸ்க்டாப்தான்."

இரண்டு கொள்கையும் ஒரே நாளில், ஒரே கைதட்டலில் நிறைவேறியவை.

யுர்ரே தொண்டையைச் செருமினான். "ரெண்டுமே ஓடும்னுதானே எழுதியிருக்கேன். எதையாவது ஒண்ணை..."

"அங்கதான் நீங்க சிக்கல் பண்ணிட்டீங்க, யுர்ரே," என்றார் பெர்டீன், பரிவோடு. "நீங்க ஒண்ணைக் கேட்டிருந்தீங்கன்னா நாங்க அதை எதிர்த்திருப்போம். ஒரே வாரத்துல இன்னொண்ணை வாங்கியிருப்போம்."

கடைசியாகக் கேள்விச் சுற்று. ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும், கேட்காதவர் அக்கறையில்லாதவர். வாரியத்தில் பறவை, மரங்களின் சார்பாக உட்காரும் இயற்கை உறுப்பினர் கை தூக்கினார். "வாத்து முட்டையிடுற காலத்துல இதுல எது கம்மியா இரையும்?"

மற்ற யாரும் சிரிக்கவில்லை. யுர்ரே சிரித்தான், அதனால் வாத்து அறிக்கை எழுதும் பொறுப்பு அவனுக்கே வந்தது. பத்தொன்பது பக்கம்.

வெளியே வந்ததும் அவன் டீனியிடம் கேட்டான். "கதவுக்குக் கதவு பச்சை, சிவப்புன்னு கண்ணாடித் திரை மாட்டி, அறை முன்பதிவுக்குன்னு ஒரு பெரிய ஏற்பாடு பண்ணியிருக்காங்களே, அதை மட்டும் எப்படி ஒரே வாரத்துல வாங்கினாங்க?"

"அதுக்குக் கூட்டமே நடக்கலப்பா," என்றார் டீனி. "கூட்டம் போடணும்னா அறை வேணும். அறைக்கு முன்பதிவு வேணும். முன்பதிவு பண்றதுக்கு ஏற்பாடு இல்ல. சரின்னு கூட்டமில்லாமலே வாங்கிட்டாங்க. கணக்காய்வாளர் வந்து குதிச்சாரு பாரு! இனிமே கூட்டம் போடாம எந்தக் கம்ப்யூட்டரைப் பத்தியும் முடிவெடுக்கக் கூடாதுன்னு விதியே போட்டுட்டுப் போனாரு."

ஜூலை போயிற்று. ஆகஸ்ட் போயிற்று. கோடையில் எல்லோரும் கூடாரத்தைக் காரில் கட்டிக்கொண்டு தெற்கே போய்விடுவார்கள். அந்த மாதங்களில் வாரியத்தில் வேலை பார்ப்பது தண்ணீர் மட்டும்தான்.

செப்டம்பரில் கள ஆய்வு. வாரியத்தார் கள ஆய்வுக்குக் கிளம்பினால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட வேண்டும். 1387-இல் ரப்பர் இல்லை. மற்றபடி அன்றிலிருந்து அதுதான் வழக்கம். பதினான்கு ஜோடி பூட்ஸ் பேருந்திலிருந்து இறங்கி, கடைக்காரரின் வெளிர் சாம்பல் கம்பளத்தின் மேல் வரிசையாக நின்றன. கடைக்காரர் கம்பளத்தைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். பிறகு இரண்டு புராசஸரையும் மேசைமேல் வைத்தார்.

கரைக்கோமான் லோடவைக் முன்னால் வந்தார். ஆறடி மூன்றங்குலம், வெள்ளித் தலை, கழுத்தில் பதவிச் சங்கிலி. சர்வர் புராசஸரை உள்ளங்கையில் ஏந்தினார். புகைப்படக்காரர் சொன்னபடி தொலைதூரத்தைப் பார்த்தார். தொலைதூரத்தில் கார் நிறுத்துமிடம் இருந்தது.

"அழகு," என்றார். "இதுல தண்ணி எந்தப் பக்கமா உள்ள போகும்?"

"தண்ணி போகக் கூடாதுங்க," என்றார் கடைக்காரர்.

"கேட்டீங்களா?" கோமான் குழுவின் பக்கம் திரும்பினார். "தண்ணியை உள்ள விடாத பொருள். நம்ம இனம்!"

பதினான்கு பேரும் குறித்துக்கொண்டார்கள்.

அக்டோபரில் மக்கள் கருத்து மாலை. பட்டாணி சூப்பு, கம்பு ரொட்டி, நூறு நாற்காலி. வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒருத்தி ஹில்கே, யுர்ரேவின் அக்கா. லாக்ஹேமிலேயே தாழ்வான பதினெட்டு ஹெக்டேர் அவளுடையது. அத்தனையிலும் போன வாரம்தான் துலிப் கிழங்கு ஊன்றி முடித்திருந்தாள். மூன்று நாள் தண்ணீர் நின்றால் போதும், பதினெட்டு ஹெக்டேரும் அழுகிப்போகும்.

"நீதானேடா கணக்குப் போடறவன்?" வாசலிலேயே தம்பியை மடக்கினாள். "நவம்பர் புயலுக்கு எனக்கு முன்கூட்டியே தகவல் வருமா வராதா?"

"புராசஸர் வந்தா வரும்."

"எப்ப வரும் அது?"

"அதைப் பத்திதான் இன்னிக்குச் சூப்பு."

ஹில்கே மேடை முன்னால் போய் ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "எனக்குப் பெட்டியைப் பத்தித் தெரியாது, கோமானே. மண்ணைப் பத்தித் தெரியும். ஏதாவது ஒண்ணை வாங்கித் தொலைங்க! புதுசோ பழசோ, நாளைக்கே வாங்குங்க!"

பலத்த கைதட்டல். பெர்டீன் கண் கலங்கப் பதிவு செய்துகொண்டார். மறுநாள் வந்த அறிக்கையில் இருந்தது இதுதான்: 'மக்களிடையே புதியதற்கும் பழையதற்கும் ஆதரவு சரிசமமாக உள்ளது. மேலும் ஆலோசனை தேவை.'

அதன்பின் லோடவைக் சிறப்புக் கூட்டம் கூட்டி, எழுந்து நின்று பேசினார். அந்தப் பேச்சு இன்றும் குறிப்பேட்டில் இருக்கிறது.

"நண்பர்களே, 1387-லேர்ந்து இந்த வாரியம் ஒரு தடவைகூட அவசரப்பட்டு முடிவெடுத்ததில்ல. அதனாலதான் இன்னிக்கும் இருக்கோம். ஊர் நடுநடுவுல சில தடவை இல்லாம போயிருக்கு. வாரியம் எப்பவுமே இருந்திருக்கு! இன்னிக்கு நமக்குள்ள ரெண்டு தரப்பு. ஒரு தரப்பு ஜெயிச்சா இன்னொரு தரப்பு தோக்கும். தோத்தவங்க மத்தியானம் பக்கத்துல உட்கார்ந்து பாலாடைக்கட்டி ரொட்டி சாப்பிடணும். அது நம்ம பண்பாடு இல்ல. நம்ம பண்பாடு, நடுவுல சந்திக்கிறது."

நடுவில் சந்தித்தார்கள்.

இனேக்கே தரப்பிலிருந்து டெஸ்க்டாப் புராசஸர். கெர்பன் தரப்பிலிருந்து பழைய சர்வரின் மதர்போர்டு, அதாவது புராசஸரைப் பொருத்தும் பலகை. பாதி புதுசு, பாதி பழசு. பதினான்கு பேரும் எழுந்து ஒருவர் கையை ஒருவர் குலுக்கினார்கள். இனேக்கே அழுதேவிட்டார்.

யுர்ரேவின் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. "மன்னிக்கணும். அது இதுல உட்காராது. சதுரம் வேற, ஊசி எண்ணிக்கை வேற. சின்னக் குழந்தையோட பாதத்தைப் பெரியப்பா ஷூவுல விடற மாதிரி."

"யுர்ரே," என்றார் கோமான், தோளில் கை வைத்து. "இது ரெண்டு தரப்பும் விட்டுக்கொடுத்து வந்த முடிவு. பொருத்தறதெல்லாம் செயலாக்க மட்டம். அது உங்க மட்டம்."

பத்து நாளில் இரண்டு பொட்டலம் வந்தன. தபாலில் எதுவும் தொலையவில்லை. அந்த அளவுக்கு அவனுக்கு அதிர்ஷ்டமில்லை. யுர்ரே புராசஸரை மதர்போர்டின் மேல் வைத்துப் பார்த்தான். குளத்தில் போட்ட தபால்தலை மாதிரி நடுவில் கிடந்தது. இரண்டையும் இழுப்பறையில் போட்டு மூடினான்.

நவம்பர் பதினான்கு, வியாழன், காலை ஒன்பது. வானிலை எச்சரிக்கை வந்தது. வடமேற்குப் புயல். கடல் மாலை ஆறுக்கு உச்சம்.

யுர்ரே மனசுக்குள் கழித்துப் பார்த்தான். பம்ப் பன்னிரண்டுக்குள் ஓடியாக வேண்டும். மடிக்கணினியில் இப்போது தட்டினால் விடை வருவது இரவு எட்டுக்கு. அதற்குள் ஹில்கேயின் வயலில் வாத்து நீந்தும்.

பம்ப் நிலையத்தைக் கூப்பிட்டான். எடுத்தவர் சிக்கே. முப்பது வருடமாகப் பம்போடு மட்டுமே பேசிப் பழகியவர்.

"நம்பர் குடு," என்றார் சிக்கே. "நம்பர் இல்லாம கையை வைக்க மாட்டேன். எண்பத்தொம்போதுல வெச்சாங்க. கரை ரோட்டோட போச்சு."

யுர்ரே மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவி, கோமானின் அறைக்குள் போய் விழுந்தான்.

"நெருக்கடிக் கூட்டம்!" லோடவைக் உடனே எழுந்துவிட்டார். அவரிடம் அந்தத் துடிப்பு இருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டும். சங்கிலியை மாட்டினார். பெர்டீனைக் கூப்பிட்டார். பெர்டீன் முன்பதிவுத் திரையைத் தட்டினார். திரை யோசிக்கவே இல்லை. அரை நொடியில் பதில்.

"முதல் காலி அறை செவ்வாய்க்கிழமை ரெண்டரைக்கு," என்றார் பெர்டீன். "ஆறு நாற்காலி. ரொட்டி உண்டு."

"இன்னிக்கு என்ன ஆச்சு எல்லா அறையும்?"

"புராசஸர் சமரசத்தோட அனுபவப் பகிர்வு. நாள் முழுக்க. ஒவ்வொரு அறையிலும் மூணு பேர்."

"அவங்களை வெளிய அனுப்புங்க!" யுர்ரே கத்தினான்.

இருவரும் அவனைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இல்லை. கவலைதான் இருந்தது. "கதவுல சிவப்பு எரியுதே, யுர்ரே," என்றார் லோடவைக் மெதுவாக.

யுர்ரே நடைவழியில் வந்து சுவரில் சாய்ந்தான். டீனி காபி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவன் முகத்தைப் பார்த்து நின்றார்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி?"

"கணக்குப் போட ஒரு நல்ல கம்ப்யூட்டர் இந்தக் கட்டடத்துல இல்ல, டீனி. ஆயிரம் பேர் வேலை பாக்குற கட்டடம்!"

"ஏன் இல்ல? அடித்தளத்துல ஒண்ணு கிடக்கே. முன்பதிவுக்கு வாங்கினாங்களே, அது. என் ஈரத் துணியெல்லாம் அது முதுகுலதான் காயப் போடறேன். அரை மணியில மொறுமொறுன்னு ஆயிடும்."

யுர்ரே அவரைப் பார்த்தான். "எவ்வளவு பெரிசு?"

டீனி பிஸ்கட் டப்பாவை வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிறகு இன்னும் கொஞ்சம் விரித்தார்.

அடித்தளத்தில் அது இருந்தது. முதுகில் நான்கு துணி. இரண்டு புத்தம் புது சர்வர் புராசஸர், ஒவ்வொன்றிலும் அறுபத்துநான்கு கை. மொத்தம் நூற்றிருபத்தெட்டு. பதினெட்டு அறைக்கு. கடவுச்சொல் மஞ்சள் சீட்டில் எழுதி நெற்றியிலேயே ஒட்டியிருந்தது.

மணி பத்தே கால். "இதை எடுத்தா முன்பதிவு நின்னுடும்," என்றான் யுர்ரே.

"நின்னா?"

"யாருக்கும் அறை கிடைக்காது. கூட்டம் நடக்காது."

டீனி துணிகளை எடுத்து மடித்தார். "வேணும்னா சுவிட்சை நானே அமுக்கட்டுமா?"

மேலே, நான்கு மாடியிலும், பதினெட்டுக் கதவுத் திரையும் ஒரே சமயத்தில் கறுத்தன. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் தங்களுக்கு உள்ளே இருக்க உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் வெளியே வந்தார்கள். வெளியே இருந்தவர்கள் உள்ளே போகத் தயங்கினார்கள். கால்மணி நேரத்தில் மொத்த வாரியமும் கையில் கோப்பையோடு நடைவழியில் நின்றது. கதவுகள் திறந்தே கிடந்தன. நாற்காலிகள் காலி. ஒருவரும் உட்காரவில்லை. யுர்ரே என்ன செய்கிறான், செய்யலாமா என்று விவாதிக்க வேண்டும் என்று மூன்று பேருக்குத் தோன்றியது. எங்கே விவாதிப்பது?

அடித்தளத்தில் கணக்கு ஓடியது. ஒன்பது நிமிடம்.

"சிக்கே! பதினொண்ணுக்குப் பம்ப் போடுங்க. நாப்பத்திரெண்டு சென்டிமீட்டர் இறக்குங்க. நாப்பத்திமூணு கூடாது."

"ம்," என்றார் சிக்கே. அவரைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

மாலை ஆறுக்குக் கடல் ஏறி, மதகை மோதி, உறுமிவிட்டுத் திரும்பியது. மழை பெய்தது, கொட்டியது. கால்வாய்கள் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை நிறைந்து நின்றன. கரை ஒன்றுகூடச் சரியவில்லை. மறுநாள் காலை ஹில்கேயிடமிருந்து செய்தி வந்தது. 'பூட்ஸ் தேவைப்படல. செருப்போட வயலைச் சுத்தி வந்தேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வாடா.'

திங்கட்கிழமை விசாரணை. நடைவழியில், நின்றபடி.

"தண்ணி விஷயம் எல்லாம் ஒழுங்கு," என்று தொடங்கினார் லோடவைக். "அதைப் பத்தி யாருக்கும் வருத்தமில்ல. ஆனா, யுர்ரே, வியாழக்கிழமை பத்தே காலுக்கு அப்புறம் இந்த வாரியத்துல ஒரு கூட்டம்கூட நடக்கல. நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஸ்பெயின்காரன் முற்றுகை போட்டப்பகூட கூட்டம் நடந்துச்சு! இது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு புரியுதா?"

"புரியுது," என்றான் யுர்ரே. "ஆனா புயல் மாசம் பிப்ரவரி வரைக்கும். கணக்கு அதுலதான் ஓடணும்."

"ஓடட்டும், ஓடட்டும். முன்பதிவுக்கு வேற ஒரு பெட்டி வாங்கிடுவோம். அவசரம். இன்னிக்கே."

"இன்னிக்கே முடியாதே," என்றார் பெர்டீன், வருத்தமாக. "கம்ப்யூட்டரைப் பத்தின முடிவு கூட்டத்துலதான் எடுக்கணும். விதி."

"அப்போ கூட்டம் போடுங்க!"

"எந்த அறையில?"

எங்கோ டப்பா மூடி 'டப்' என்று விழுந்தது.

"நின்னுக்கிட்டே எடுத்துடலாமே," என்றார் கெர்பன். "குறிப்பேட்டுல அறை எண் போடணும், கெர்பன்," என்றார் இனேக்கே. கெர்பன் தலையாட்டினார். இருவரும் பேரமில்லாமல் ஒத்துப்போனது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"படிவத்தையாவது நிரப்பி வைப்போம்," என்று லோடவைக் முடித்தார். "அறை வந்த உடனே எடுத்துக்கலாம். யுர்ரே, நம்ம கணக்குப்பிள்ளை நீங்கதான். முன்பதிவுக்குப் புது டெஸ்க்டாப்பா, பழைய சர்வரா? உங்க விருப்பம் ரொம்ப முக்கியம். ஒரே ஒரு பேரைச் சொல்லிட்டீங்கன்னா, மத்தியானமே நேர்ல கையெழுத்து வாங்கி எப்படியாவது ஒப்பேத்திடலாம்."

படிவம் 14. அதே கடைசிக் கட்டம்.

யுர்ரே சன்னல் வழியே பார்த்தான். தூரத்தில் பதினெட்டு ஹெக்டேர் கறுப்பு மண், ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல், பிப்ரவரிக்காகக் காத்துக்கிடந்தது. அறை வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் அடித்தளத்துக் கணக்கும் விவாதத்துக்கு வரும். காபி வண்டியோடு டீனி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் பேனாவைத் திறந்தான். இந்தத் தடவையும் கை நடுங்கவில்லை.

'இரண்டில் எது என்றாலும் சரி.'

டீனி டப்பாவைத் திறந்து, அவனிடம் நீட்டி, இரண்டாவது பிஸ்கட்டையும் எடுக்கும் வரை மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.